மூன்று விநாடிச் சத்தம்

எங்கள் காருக்கு இருபத்திரண்டு வயது. ‘எங்கள்’ என்று வாயில் வருவது பழக்க தோஷம். தங்கை கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு அது என் கார்தான். வீடும் என் வீடுதான். மாடிப்படி விளக்கை அணைக்க மறந்தால் திட்டுவதற்கு ஆளில்லாத சுதந்திரமும் எனக்கே எனக்குத்தான்.

தங்கைக்குக் கல்யாணம் நடந்தது அவளுடைய ஐம்பத்தெட்டாவது வயதில். மாப்பிள்ளை அவளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், தலையில் கொஞ்சம் முடிகூட மிச்சமிருந்தது. நாங்கள் இருவரும் கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று முப்பது வருஷம் ஒரே வீட்டில் குப்பை கொட்டியவர்கள். அவள் இரண்டு பெட்டியோடு ரயிலில் ஒன்றரை நாள் தள்ளியிருக்கும் ஊருக்குப் போய்விட்டாள். காரை நீயே வைத்துக்கொள் என்றாள். நான் சிரித்துக்கொண்டேதான் வழியனுப்பினேன். கதவைச் சாத்திய பிறகு அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். நன்றாக இருக்கிறாயா என்பாள், நன்றாக இருக்கிறேன் என்பேன். ஒரு பெரிய மருத்துவமனையின் டெலிபோன் போர்டில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவள் நான். குரலில் எதையும் காட்டாமல் பேசுவது எனக்குக் கைவந்த கலை. ஒரு நாளைக்கு நானூறு பேரோடு பேசியிருக்கிறேன். ஓய்வு பெற்று, தங்கையும் போன பிறகு, சாயங்காலம் பால் வாங்கப் போய் வாயைத் திறக்கும்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக என் குரலை நானே கேட்பேன். அது தொண்டையில் சிக்கிக்கொண்டு வரும்.

காரில் சத்தம் ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். காலையில் சாவியைத் திருப்பியதும் கடகடவென்று, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கினது போல. மூன்று விநாடி. பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி எஞ்சின் நல்ல பிள்ளையாக ஓடும். அதோடு ஷெட் தரையில் கருப்பு எண்ணெய்ப் பொட்டுகள். நாளுக்கு நாலைந்து.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். தங்கைதான் எப்போதும் போவாள், எனக்கு ஆளை முகத்தளவில்தான் தெரியும். தனி ஆளாகக் கடை நடத்துகிறவர், ஐம்பத்து மூன்று ஐம்பத்து நாலு வயது இருக்கும். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ‘காதுக்காரர்’. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, உள்ளே எந்தச் சாமான் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பெரிய பெரிய கம்பெனிக் கடைகளில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துக் கைவிட்ட வண்டியெல்லாம் அவரிடம் வரும். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன் காதால் கேட்காத சத்தத்துக்காக ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டார். வண்டிக்காரர் சொன்னார் என்று பிரித்தால் அது வைத்தியம் இல்லை, கூறுபோடுவது என்பார்.

நான் காரை ஓட்டிக்கொண்டு போனதால் எஞ்சின் சூடாக இருந்தது, சத்தம் வரவில்லை. கல்லுளிமங்கன் மாதிரி நின்றது.

“இது குளிர்ல வர்ற சத்தம்க்கா. சூடான எஞ்சின் வாயத் திறக்காது. ராத்திரி பூரா நின்னுட்டு, காலைல முதல் தடவை ஸ்டார்ட் பண்றப்ப நான் பக்கத்துல நிக்கணும்” என்றார். கடையில் வண்டி நிறுத்த இடமில்லை. மறுநாள் ஏழரை மணிக்குக் கடை திறக்கப் போகும் வழியில் அவரே வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். அதுவரை சாவியைத் தொடக்கூடாது.

மறுநாள் காலை ஷெட்டுக்குள் இருட்டாக இருந்தது. மனுஷன் எப்படிக் குனிந்து பார்ப்பார் என்று நினைத்து, அவருக்கு உதவுகிறேன் பேர்வழி என்று, காரை நானே வெளியே எடுத்து வெளிச்சத்தில் நிறுத்தினேன். தொடாதே என்று சொன்னதைச் சுத்தமாக மறந்துவிட்டேன். அவர் வந்தார், பானெட்டைத் திறந்தார், காதைக் கொடுத்தார். நான் சாவியைத் திருப்பினேன். சத்தம் இல்லை. காரை நகர்த்தினீர்களா என்று கேட்டார். முழித்தேன். அவர் சிரித்துவிட்டார்.

வந்தது வந்தாயிற்று என்று எண்ணெய்க் கசிவைப் பார்த்தார். எண்ணெய் கீழே சொட்டினாலும் கோளாறு கீழே இருக்க வேண்டியதில்லை என்றார். துணியால் எஞ்சினின் முன்பக்கத்தைத் துடைத்து எடுத்துவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடர் இருக்கிறதா என்று கேட்டார். தங்கை விட்டுவிட்டுப் போன டப்பாவைக் கொடுத்தேன். துடைத்த இடத்தில் எல்லாம் அதைத் தூவினார். எண்ணெய் எங்கிருந்து கிளம்புகிறதோ அங்கிருந்து பவுடரில் ஒரு கோடு விழுமாம். கல்யாணப் பெண் மாதிரி வெள்ளையாக நின்றது எஞ்சின். அதைச் சொன்னேன். இந்த வயசுக்கு இது தேவையா என்று கேட்டார். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு இடமில்லை என்று தங்கை கதையைச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

டீ கொடுத்தேன். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். அவள் பேசுவது அவளுக்கே கேட்காதாம், அவ்வளவு மெதுவாகப் பேசுவாளாம், கல்யாணமான புதிதில் அவள் வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் தன் காது கூர்மையானது என்றார். காரைத் திரும்ப ஷெட்டுக்குள் விட்டு, அதற்கு அடியில் ஓர் அட்டையை விரித்து, நாளைக்கு வருகிறேன் அக்கா, சாவியை மட்டும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு வீடு எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அதுவரை எப்படியோ பழகியிருந்தேன். ஒரு ஆள் வந்து கால் மணி நேரம் சிரித்துவிட்டுப் போனதில் அந்தப் பழக்கம் கெட்டுவிட்டது. நாளைக்கு அவர் வருவார், சத்தத்தைக் கேட்பார், வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்வார், அதோடு முடிந்தது. எனக்கு அழுகை வந்தது. அறுபத்திரண்டு வயதில் ஒரு டைமிங் செயினை நினைத்து அழுத ஒரே பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

செயின் விஷயத்தை அவர்தான் எனக்கு விளக்கியிருந்தார். எஞ்சினுக்குள் மேலும் கீழும் உள்ள பற்சக்கரங்களை ஒரு செயின் இணைக்கிறது. அது தொய்யாமல் இழுத்துப் பிடிக்க டென்ஷனர் என்று ஒன்று உண்டு. அதற்குத் தெம்பு எண்ணெயின் அழுத்தம். ராத்திரி முழுக்க நின்றால் எண்ணெய் கீழே இறங்கிவிடும். காலையில் எண்ணெய் மேலே ஏறுகிற அந்த மூன்று விநாடி செயின் தொளதொளவென்று அடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் புரியும்படி சொன்னார். எனக்கு ரொம்ப நன்றாகப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு ஷெட்டுக்குப் போய் காரை இரண்டே நிமிஷம் ஓடவிட்டு அணைத்தேன். இரண்டு நிமிஷத்தில் எஞ்சின் அவ்வளவாகச் சூடாகாது. ஏழரைக்குள் ஆறிவிடும். எண்ணெய் மட்டும் மேலேயே நிற்கும். அவர் வந்து எஞ்சினின் மேல்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. நான் சாவியைத் திருப்பினேன். சத்தம் இல்லை. அதிசயமாக இருக்கிறதே என்றார். நானும் முகத்தை அதிசயமாக வைத்துக்கொண்டேன்.

இப்படிப் பத்து நாள், ஞாயிறு நீங்கலாக. தினமும் ஐந்தரைக்குத் திருட்டுத்தனம், ஏழரைக்கு அதிசயம், அதன் பிறகு டீ. மூன்றாவது நாளே பவுடரில் கோடு விழுந்துவிட்டது. மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கட் காய்ந்து கல்லாகி, அந்த மூலையிலிருந்து எண்ணெய் வழிந்து, பக்கவாட்டில் இறங்கி, அடியில் சொட்டியது. அதே மூடியைத்தான் செயினுக்காகவும் கழற்ற வேண்டும், ஆகவே சத்தம் தெரிந்த பிறகு இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்று தள்ளி வைத்தார். எண்ணெய் குறைந்ததற்கு மட்டும் ஊற்றிவிட்டுப் போவார். எனக்கு நல்லதாகப் போயிற்று.

அந்தப் பத்து நாளும் நான் மனுஷியாக இருந்தேன். ராத்திரியே மறுநாள் என்ன பேசலாம் என்று யோசித்து வைத்துக்கொள்வேன். டெலிபோன் போர்டு கதைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டேன். பிரசவ வார்டு என்று நினைத்துப் பிணவறைக்கு லைன் கொடுத்ததைச் சொன்னபோது அவர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். தங்கையைத் தவிர என்னை அக்கா என்று கூப்பிட்டவர்கள் யாருமில்லை. அவர் அதை வாக்கியத்துக்கு ஒன்றாகச் சேர்த்துச் சொல்வார்.

பதினோராவது நாள் அவர் பானெட்டைச் சாத்திவிட்டு, எண்ணெய் ஊற்றியதிலேயே சத்தம் நின்றுவிட்டது போலிருக்கிறது, கேஸ்கட்டை மட்டும் ஒருநாள் கடைக்கு வந்து மாற்றிக்கொள்ளுங்கள், இனிமேல் நான் காலையில் வரத் தேவையில்லை என்றார். யோசிக்காமல் வாயைத் திறந்தேன்.

“இப்ப வந்துச்சே தம்பி. லேசா. உங்களுக்குக் கேக்கலையா?”

அவர் என்னைப் பார்த்தார். திரும்பவும் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். நான் பண்ணினேன். ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து ரொம்ப நேரம் நின்றார். இந்தக் காதில் கேட்டுவிட்டு, அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டார். இல்லையே அக்கா என்றார். நான் பிடிவாதமாக, முதலில் வந்ததே, நன்றாகவே வந்ததே என்றேன். முப்பத்தொரு வருஷம் காதை வைத்துப் பிழைத்தவள் சொல்கிறாள். அவர் ஏன் நம்பமாட்டார்? டீயைக் குடிக்காமலேயே போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இரண்டு நாளும் நான் ஐந்தரைக்கு எழுந்து காரை ஓடவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது நாள் மத்தியானம் கடைக்கு நடந்து போனேன்.

கடை பாதி திறந்திருந்தது. உள்ளே வண்டி எதுவும் இல்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி, வலது காதோரம் கொண்டுபோய்க் கண்ணை மூடினார். பிறகு இடது காதோரம். பிறகு மறுபடியும் வலது. என்னைப் பார்த்ததும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் வாசலிலேயே நின்றேன்.

அவரே சொன்னார். கொஞ்ச நாளாகவே சந்தேகம் இருந்ததாம். சாமான் கடைக்காரர் போனில் பேசுவது சரியாக விழுவதில்லையாம். அதைப் போனின் கோளாறு என்று சொல்லித் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாராம். என் கார்ச் சத்தம் கேட்காமல் போன அன்றைக்குத்தான் உறைத்ததாம். அன்று வந்த இரண்டு வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

“என் காதை நம்பித்தானே ஜனங்க வண்டிய விடறாங்க. கேக்காதவன் கேட்ட மாதிரி நடிச்சு, யாராவது குழந்தை குட்டியோட போறப்ப நடுவழியில எஞ்சின் சிக்கிக்கிச்சுன்னா? மச்சானோட கிடங்குல காவலுக்கு ஆள் கேட்டாங்க. ஒண்ணாந்தேதி வரேன்னு சொல்லிட்டேன்க்கா. வீட்டுலயும் சொல்லிட்டேன்.”

ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். உங்கள் காதுக்கு ஒன்றுமில்லை, என் வாய்க்குத்தான் வந்துவிட்டது கேடு என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷனுக்கு ஒரு ராத்திரியாவது மிச்சமாகியிருக்கும். நாளைக்கு ஒரே ஒரு தடவை வந்து கேளுங்கள் என்று மட்டும் கெஞ்சினேன். எதற்கு அக்கா என்றார். எனக்காக என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாள் ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. சாவி மேசைமேல் இருந்தது. இன்றைக்கும் இரண்டு நிமிஷம் ஓடவிட்டால் போதும், அவர் ஒன்றாம் தேதி போகிற வரைக்கும் தினமும் வரவழைக்கலாம் என்று மனம் கணக்குப் போட்டதை மறைப்பதற்கில்லை. நான் அவ்வளவு நல்லவள் இல்லை. ஏழரை வரை கையைக் கட்டிக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஸ்க்ரூ டிரைவர்கூட எடுத்துவரவில்லை. பானெட்டைத் திறந்துவிட்டு, சும்மா ஒரு மரியாதைக்கு நிற்கிறவர் மாதிரி தள்ளி நின்றார். நான் சாவியைத் திருப்பினேன்.

கடகடவென்று அது வாரிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் தொடாமல் நின்ற வண்டி, இத்தனை நாள் அடக்கி வைத்த சத்தம். ஷெட்டின் தகரக் கூரையே அதிர்ந்தது. மூன்று விநாடி இல்லை, ஐந்து ஆறு இருக்கும். பிறகு நின்றது. அவர் இரண்டு கையாலும் எஞ்சினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கேக்குது, கேக்குது என்று வாய்க்குள்ளேயே சொன்னார். கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் பார்த்ததே இல்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு அந்த முகம் மெல்ல மாறியது. பானெட்டுக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இது செவிடனுக்கும் கேக்குமே அக்கா. இத்தனை நாள் எப்படிக் கேக்காமப் போச்சு?”

“நீங்க வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி தினமும் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். அன்னிக்கு சத்தம் வந்துச்சுன்னு சொன்னது பொய்.”

“எதுக்கு?”

“நீங்க தினமும் வரணும்னு. வேற யாரும் இந்த வீட்டுக்கு வர்றதில்ல தம்பி.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“என் பொண்டாட்டி மூணு நாளா என்கிட்ட கத்திப் பேசறா. வாழ்க்கையில குரல் எழுப்பாதவ. குழந்தைக்குச் சொல்ற மாதிரி ஒவ்வொரு வார்த்தையா. தொண்டை கட்டிப் போச்சு அவளுக்கு. நானும் தலைய ஆட்டிட்டு இருந்தேன்.”

சாவிக்காகக் கையை நீட்டினார். காரைத் தானே ஓட்டிக்கொண்டு போனார்.

மூன்று நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார், ஒன்றாம் தேதிக்கு முதல் நாள். கிடங்கு வேலைக்குப் போகவில்லை என்று அவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை, பின்சீட்டில் வேறு ஏதோ வண்டியின் சாமான் கிடந்தது. வாசலிலேயே நிறுத்தினார். பழைய செயினை ஒரு செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். பிரித்து, அது எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்றும், செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டை உடைந்து பாதிதான் இருக்கிறது என்றும் காட்டினார். இன்னும் இரண்டு வாரம் இப்படியே ஓட்டியிருந்தால் செயின் பல் தாண்டி எஞ்சினே போயிருக்கும் என்றார். கேஸ்கட் மாற்றியாயிற்று, கசிவு நின்றுவிட்டது என்றார். எல்லாம் எந்த வண்டிக்காரருக்கும் சொல்கிற மாதிரி, வரிசையாக, சுருக்கமாக.

உள்ளே வந்து டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். கடையில் ஆள் காத்திருக்கிறார்கள் என்றார். இருக்கலாம். என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். சாவியை என் கையில் வைத்தார்.

“கோவம் எல்லாம் இல்லைங்க மேடம். தனியா இருக்கறதும் கஷ்டம்தான், புரியுது. ஆனா இனிமே இந்த வீட்டுல எது காதுல விழுந்தாலும், நிஜமான்னு எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கும். அப்படி ஒரு இடத்துல நான் வேலை பாக்க முடியாது.”

வேறு நல்ல ஒர்க்‌ஷாப் ஒன்றின் போன் நம்பரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பின்சீட்டில் கிடந்த சாமானை எடுத்துக்கொண்டு நடந்தே போனார். தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, பார்ப்பார் என்று நான் எதிர்பார்த்ததும் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

மறுநாள் காலை ஏழரைக்கு ஷெட்டுக்குப் போய் சாவியைத் திருப்பினேன். பொசுக்கென்று பிடித்துக்கொண்டது, ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. தரையில் புதிதாக ஒரு பொட்டுக்கூட விழவில்லை. வேலை அவ்வளவு சுத்தம். அவரைப் போல ஒரு மெக்கானிக் கிடைக்கமாட்டார் என்று வாய்விட்டுச் சொன்னேன். என் குரல் தொண்டையில் சிக்கிக்கொண்டுதான் வந்தது. கேட்க அங்கே யாரும் இல்லை.